ஜிபிஎஸ் நெறிப்படுத்திய அலையியற்றி

ஜிபிஎஸ் நெறிப்படுத்திய அலையியற்றி என்பது, செயற்கைக்கோள்களில் உள்ள அணுக்கடிகாரங்களின் நேரத்தைக் கொண்டு, ஆய்வகத்தில் உள்ள ஒரு படிக அலையியற்றியைத் தொடர்ந்து திருத்தி வரும் கருவியாகும். இதிலிருந்து பொதுவாக இரண்டு வெளியீடுகள் கிடைக்கும். ஒன்று, 10 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட சைன் அலை. மற்றது, நொடிக்கு ஒரு மின்துடிப்பு. முதலாவது அதிர்வெண்ணுக்கு அளவுகோல். இரண்டாவது நேரத்துக்கு அளவுகோல். அளவுத்திருத்த ஆய்வகங்கள், கைபேசிக் கோபுரங்கள், மின்கட்டமைப்பின் துணைமின் நிலையங்கள், வானொலித் தொலைநோக்கிகள் ஆகிய இடங்களில் இக்கருவி பயன்படுகிறது.

வழி காட்டும் வசதியாக மட்டுமே ஜிபிஎஸ்ஸை அறிந்தவர்களுக்கு, அது அடிப்படையில் ஒரு கடிகாரத் தொகுதி என்பது வியப்பாக இருக்கலாம். செயற்கைக்கோள் அனுப்புவது வரைபடத்தை அன்று. "நான் இந்த இடத்தில் இருக்கிறேன், என் கடிகாரத்தில் இப்போது மணி இது" என்ற செய்தியையே அது திரும்பத் திரும்ப அனுப்புகிறது. அச்செய்தி வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுவது ரிசீவரின் வேலை. ஒளி ஒரு நானோ நொடியில், அதாவது நூறு கோடியில் ஒரு பங்கு நொடியில், சுமார் 30 சென்டிமீட்டர் செல்லும். ஆகவே இடத்தைச் சில மீட்டருக்குள் சொல்ல வேண்டுமானால், நேரத்தைச் சில பத்து நானோ நொடிகளுக்குள் அறிந்தே தீர வேண்டும். நேர ஆய்வகங்கள் பயன்படுத்திக்கொள்வது இந்தத் துணைப்பயனைத்தான்.

தேவை

1967 முதல் நொடி என்பது சீசியம்-133 அணுவின் கதிர்வீச்சை வைத்து வரையறுக்கப்படுகிறது. அக்கதிர்வீச்சின் 9,192,631,770 அலைவுகளுக்கு ஆகும் காலமே ஒரு நொடி. இதை நேரடியாக நிகழ்த்திக் காட்டும் சீசியம் கடிகாரம் விலை மிகுந்தது. அதன் சீசியக் குழாய்க்கு ஆயுளும் குறைவு. எல்லா ஆய்வகங்களும் அதை வாங்கிப் பராமரிக்க இயலாது.

மறுபுறம், குவார்ட்ஸ் படிகம் மலிவானது. குறுகிய காலத்தில் மிகவும் சீரானது. வெப்பநிலை மாறாத சிறு அறைக்குள் வைக்கப்பட்ட நல்ல படிக அலையியற்றியின் அதிர்வெண், ஒரு நொடிக்கும் அடுத்த நொடிக்கும் இடையே லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுக்கே மாறும். ஆனால் படிகத்துக்கு மூப்பு உண்டு. நாட்கள் செல்லச் செல்ல அதன் அதிர்வெண் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். எவ்வளவு நகர்ந்தது என்பதை அப்படிகத்தை வைத்தே கண்டுபிடிக்க முடியாது. அதற்கு வெளியிலிருந்து ஓர் ஒப்பீடு வேண்டும்.

மேலே உள்ள கடிகாரங்கள்

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 12 மணி நேரத்துக்கு ஒருமுறை புவியைச் சுற்றுகின்றன. அவற்றில் ருபீடியம் அல்லது சீசியம் அணுக்கடிகாரங்கள் உள்ளன. அவை அனுப்பும் எல்லா அலைகளும் 10.23 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அடிப்படை அதிர்வெண்ணிலிருந்து பிறப்பவை. அதன் 154 மடங்கு 1575.42 மெகாஹெர்ட்ஸ்; 120 மடங்கு 1227.60 மெகாஹெர்ட்ஸ்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. செயற்கைக்கோள் புறப்படும் முன் அதன் கடிகாரம் சரியாக 10.23 மெகாஹெர்ட்ஸில் வைக்கப்படுவதில்லை, 10.22999999543 மெகாஹெர்ட்ஸில் வைக்கப்படுகிறது. ஐன்ஸ்டீனின் சார்பியல் கோட்பாடே காரணம். உயரத்தில் ஈர்ப்பு குறைவு என்பதால் கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் 45 மைக்ரோ நொடி வேகமாக ஓடும். செயற்கைக்கோளின் வேகத்தால் சுமார் 7 மைக்ரோ நொடி மெதுவாகும். மீதமுள்ள 38 மைக்ரோ நொடியை முன்கூட்டியே கழித்துவிடுகிறார்கள். கழிக்காவிட்டால் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் அளவுக்குத் தூரப் பிழை சேர்ந்துவிடும்.

1977 ஜூன் மாதம், சீசியம் கடிகாரத்துடன் என்டிஎஸ்-2 என்ற சோதனைச் செயற்கைக்கோள் ஏவப்பட்டபோது, இந்தத் திருத்தம் உண்மையிலேயே தேவையா என்ற ஐயம் சிலருக்கு இருந்தது. அதனால் திருத்தும் சுற்றை அணைத்து வைத்தே சுமார் 20 நாட்கள் ஓடவிட்டுப் பார்த்தார்கள். கடிகாரம் கோட்பாடு சொன்ன அளவை மிக நெருங்கி வேகமாக ஓடியது. அதன் பிறகே சுற்று இயக்கப்பட்டது. சார்பியல் கோட்பாட்டுக்கு அன்றாட வாழ்வில் என்ன பயன் என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நேரான விடை இல்லை.

நெறிப்படுத்தல் நடக்கும் விதம்

முன்பு பல ஊர்களில் நகராட்சி அலுவலகத்திலோ பஞ்சாலையிலோ குறித்த நேரத்தில் சங்கு ஊதும். அதைக் கேட்டு வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைச் சரி செய்வார்கள். சங்கு ஊதுபவர் ஒரு நாள் சில நொடிகள் முந்துவார், மறுநாள் பிந்துவார். ஆனால் மாதக் கணக்கில் பார்த்தால் சங்கு நகராமல் அதே இடத்தில் நிற்கும். சுவர்க் கடிகாரமோ ஒரே சீராக ஓடும்; ஆனால் நாளுக்குச் சிறிது சிறிதாகப் பிந்திக்கொண்டே போகும். ஒவ்வொரு சங்குக்கும் முள்ளைத் திருப்புபவர், சங்கின் தடுமாற்றத்தை அப்படியே தன் கடிகாரத்துக்குள் கொண்டுவந்துவிடுவார். பத்து நாள் கேட்டு, சராசரி பார்த்து, ஊசலின் திருகை மட்டும் சற்றே திருப்புபவரிடம்தான் இரண்டின் நல்ல குணமும் சேரும்.

இக்கருவியும் அதையேதான் செய்கிறது. படிக அலையியற்றியின் 10 மெகாஹெர்ட்ஸ் அலையை ஒரு கோடியால் வகுத்தால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். ஜிபிஎஸ் ரிசீவரும் நொடிக்கு ஒரு துடிப்பைத் தருகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள நேர வேறுபாடு ஒவ்வொரு நொடியும் அளக்கப்படுகிறது. ஒரு நுண்செயலி அந்த அளவுகளைச் சராசரி செய்து, படிகம் முந்துகிறதா பிந்துகிறதா என்று முடிவு செய்து, அதன் கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தை மிகச் சிறிதளவு மாற்றுகிறது. அதிர்வெண் அதற்கேற்ப நகர்கிறது.

எவ்வளவு நேரம் சராசரி எடுப்பது என்பதில்தான் வடிவமைப்பாளரின் திறமை இருக்கிறது. ரிசீவரின் துடிப்பில் 10 நானோ நொடி தடுமாற்றம் இருப்பதாகக் கொள்வோம். ஒரு நொடி மட்டும் பார்த்தால் அதிர்வெண்ணைப் பத்துக் கோடியில் ஒரு பங்கு அளவுக்கே அறிய முடியும். படிகம் அதைவிடப் பத்தாயிரம் மடங்கு சீரானது. ஆகவே அந்த வேளையில் செயற்கைக்கோளின் பேச்சைக் கேட்பது கெடுதல். 1,000 நொடி பார்த்தால் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு. ஒரு முழு நாள் பார்த்தால் ஏறத்தாழ பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு நீண்ட காலத்துக்குப் படிகம் தாங்காது, செயற்கைக்கோள் தாங்கும். இரண்டின் தரமும் சமமாகும் காலம், படிகத்தின் தரத்தைப் பொறுத்து, சில நூறு நொடிகளிலிருந்து சில ஆயிரம் நொடிகள் வரை இருக்கும். அந்தக் காலத்துக்குக் குறைவான மாற்றங்களுக்குப் படிகத்தை நம்புவதும், மிகுந்தவற்றுக்குச் செயற்கைக்கோளை நம்புவதும் நல்ல கருவியின் இலக்கணம். படிகத்துக்குப் பதில் ருபீடியம் அலையியற்றியை வைத்தால் இந்தக் காலத்தை இன்னும் நீட்டலாம்.

தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு காரணம் ரிசீவருக்குள்ளேயே இருக்கிறது. அதன் உள்கடிகாரம் 40 மெகாஹெர்ட்ஸில் ஓடினால், துடிப்பை 25 நானோ நொடிப் படிகளில்தான் வெளியிட முடியும். சரியான நேரம் இரு படிகளுக்கு நடுவே விழுந்தால், அருகில் உள்ள படிக்குத் தள்ளியே துடிப்பு வரும். இதை வரைபடத்தில் குறித்தால் ரம்பத்தின் பற்களைப் போலத் தெரியும். நேரத்துக்காகவே செய்யப்படும் ரிசீவர்கள், அடுத்த துடிப்பு எத்தனை நானோ நொடி தள்ளி வரும் என்பதை முன்கூட்டியே எண்ணாகச் சொல்லிவிடும். அதைக் கழித்தால் பிழை பெரும்பாலும் மறைந்துவிடும்.

அடுத்த காரணம் அயனிமண்டலம். அங்குள்ள எலக்ட்ரான்கள் அலையைத் தாமதப்படுத்துகின்றன. ஒரே அதிர்வெண்ணைக் கேட்கும் ரிசீவருக்கு, எலக்ட்ரான் செறிவு மிகுந்த நாட்களில் இத்தாமதம் 50 நானோ நொடியைக் கூட எட்டலாம். செயற்கைக்கோளே அனுப்பும் திருத்தச் சூத்திரம் அதில் ஏறத்தாழ பாதியை நீக்குகிறது. இரண்டு அதிர்வெண்களையும் கேட்கும் ரிசீவர் தானே தாமதத்தை அளந்து நீக்கிவிடும். இந்தியாவின் தென்முனை வழியே புவியின் காந்த நடுக்கோடு செல்வதால், தென்னிந்தியாவில் அயனிமண்டலத்தின் குறும்பு மற்ற பல நாடுகளைவிட அதிகம். கதிரவன் மறைந்த பின் சில மணி நேரம் குறிப்பைச் சிதறடிப்பதும் உண்டு. வெளிநாட்டுக் கருவியின் கையேட்டில் உள்ள துல்லிய எண்ணை இங்கே அப்படியே எதிர்பார்ப்பது சரியன்று.

ஆன்டெனாவிலிருந்து கருவி வரை

ஆன்டெனா வானம் முழுவதும் தெரியும் மொட்டைமாடியில் இருக்க வேண்டும். அருகில் தண்ணீர்த் தொட்டியோ தகரக் கூரையோ இருந்தால், அலை அவற்றில் பட்டுத் திரும்பி, சற்றுத் தாமதமாக இரண்டாம் முறை வந்து சேரும். புவியிலிருந்து பார்க்க, செயற்கைக்கோள்களின் அமைப்பு 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை மீள்வதால், இந்த எதிரொலிப் பிழையும் நாள்தோறும் நான்கு நிமிடம் முன்னதாக அதே வடிவில் திரும்ப வரும். அப்படி வந்தால் குற்றவாளி வானத்தில் இல்லை, மாடியில்தான் இருக்கிறது என்று அறியலாம்.

ஆன்டெனா அசையாதது என்பது ஒரு பெரிய வசதி. நகரும் வண்டியில் உள்ள ரிசீவர், இடத்தின் மூன்று ஆயங்களையும் நேரத்தையும் சேர்த்து நான்கு அறியாதவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு நான்கு செயற்கைக்கோள்கள் தேவை. ஆய்வகத்திலோ ஆன்டெனாவின் இடத்தை ஒரு நாள் முழுதும் அளந்து நிலைநிறுத்திவிடலாம். பிறகு நேரம் ஒன்றே அறியாதது. ஒரு செயற்கைக்கோள் தெரிந்தாலும் போதும். ஆனால் அந்த இடத்தைத் தவறாகப் பதிந்தால், ஒரு மீட்டருக்குச் சுமார் 3 நானோ நொடி வீதம் பிழை நிலையாகக் குடியேறிவிடும்.

அடுத்தது கேபிள். மின்காந்த அலை கேபிளுக்குள் வெற்றிடத்தைவிட மெதுவாகச் செல்லும்; வழக்கமான கேபிளில் மீட்டருக்கு ஏறத்தாழ 5 நானோ நொடி. மாடியிலிருந்து 30 மீட்டர் கேபிள் இறக்கினால் 150 நானோ நொடி. சங்குச் சத்தம் ஒரு கிலோமீட்டர் தள்ளி உள்ள வீட்டை அடைய மூன்று நொடி ஆவதைப் போன்றதே இதுவும். அதிர்வெண் மட்டும் வேண்டுபவருக்கு இதனால் நட்டமில்லை, தாமதம் மாறாதவரை. நேரம் வேண்டுபவர் இதை அளந்து கழித்தே ஆக வேண்டும்.

இந்தக் கடைசிச் சில மீட்டர்களின் முக்கியத்துவத்தை உலகம் அறிந்தது 2011-இல். ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில் உள்ள ஆய்வகத்துக்கு, சுமார் 730 கிலோமீட்டர் தூரம், பாறை வழியே நியூட்ரினோத் துகள்கள் அனுப்பப்பட்டன. அவை ஒளியைவிட 60 நானோ நொடி முன்னதாக வந்து சேர்ந்ததாக ஓபெரா ஆய்வுக்குழு செப்டம்பர் மாதம் அறிவித்தது. தூரக் கணக்கில் சொன்னால் இது 18 மீட்டர்தான். எனினும், உண்மையானால் நூற்றாண்டுக் கால இயற்பியலையே மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

இரு ஆய்வகங்களின் கடிகாரங்களும் ஜிபிஎஸ் வழியாகவே ஒப்பிடப்பட்டிருந்தன. எனவே பலரும் முதலில் ஐயுற்றது செயற்கைக்கோளை. ஆனால் அந்தப் பகுதியைச் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி நாடுகளின் தேசிய அளவியல் நிறுவனங்கள் தனித்தனியே சரிபார்த்திருந்தன. அது சில நானோ நொடிகளுக்குள் சரியாகவே இருந்தது. பிழை வேறிடத்தில் இருந்தது. மலைக்கு வெளியே உள்ள ரிசீவரின் நேரக் குறிப்பு, 8 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒளியிழை வழியாக நிலத்தடி முதன்மைக் கடிகாரத்துக்குச் சென்றது. அந்த இழையின் முனை இணைப்பு முழுமையாக இறுகியிருக்கவில்லை. அதனால் உணரியில் விழுந்த ஒளி குறைந்தது. குறிப்பு வந்ததாக மின்சுற்று உணரும் அளவை எட்டக் கூடுதல் நேரம் பிடித்தது. நிலத்தடிக் கடிகாரம் சுமார் 70 நானோ நொடி பிந்தியது. பிந்திய கடிகாரத்தில் பார்த்தால், வருபவர் முந்தி வந்ததாகத்தானே தெரியும்!

அதே முதன்மைக் கடிகாரத்தின் அலையியற்றியும் சரியான அதிர்வெண்ணில் இல்லை. அதன் விளைவு எதிர்த்திசையில் இருந்தது. இரண்டும் சேர்ந்து ஒன்றை ஒன்று ஓரளவு மறைத்தன. அருகில் இருந்த எல்விடி என்ற மற்றொரு சோதனைக் கருவியையும் ஓபெராவையும் கடந்து சென்ற அண்டக்கதிர் மியூவான்களின் பல ஆண்டுப் பதிவுகளை ஒப்பிட்டபோது, 2008-க்குப் பிறகு ஓபெராவின் நேரம் இடம் மாறியிருந்தது உறுதியானது. 2012 ஜூன் மாதம் கிரான் சாசோவின் நான்கு சோதனைகளும் நியூட்ரினோவின் வேகம் ஒளியின் வேகத்துடன் ஒத்துப்போவதாக அறிவித்தன. அதற்கு முன்பே, மார்ச் மாதத்தில், ஓபெரா குழுவின் பொறுப்பாளர்கள் இருவர் பதவி விலகியிருந்தனர். 20,200 கிலோமீட்டர் கடந்து சரியாக வந்த நேரம், ஒரு திருகு இணைப்பில் கெட்டுவிட்டது.

இரு ஆய்வகங்களை ஒப்பிடுதல்

தொலைவில் உள்ள இரண்டு கடிகாரங்களை ஒப்பிட எளிய வழி ஒன்றை அமெரிக்காவின் தேசியச் சீர்தர நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் ஆலனும் மார்க் வைஸும் 1980-இல் முன்வைத்தனர். இரு ஆய்வகங்களும் ஒரே செயற்கைக்கோளை ஒரே வேளையில் கேட்டு, தத்தம் கடிகாரத்துடன் ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளும். பிறகு ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் செயற்கைக்கோளின் கடிகாரமே கணக்கிலிருந்து மறைந்துவிடும். அது தவறான நேரம் காட்டினாலும் கவலையில்லை. அயனிமண்டலத் தாமதமும், இரு இடங்களும் மிகத் தொலைவில் இல்லாவிட்டால், பெரும்பகுதி நீங்கிவிடும். இது பொதுப்பார்வை முறை எனப்படுகிறது. ஓபெரா சோதனையும் இம்முறையையே கையாண்டது.

பல நாடுகளின் அணுக்கடிகாரங்கள் செயற்கைக்கோள் வழியாகவே ஒப்பிடப்பட்டு, பாரிசுக்கு அருகில் உள்ள பன்னாட்டு எடை அளவைகள் பணியகத்தில் அவற்றின் சராசரியாக ஒருங்கிணைக்கப்பட்ட பன்னாட்டு நேரம் கணக்கிடப்படுகிறது. எந்த நாட்டு நேரம் எத்தனை நானோ நொடி விலகியிருந்தது என்பது மாதந்தோறும் வெளியாகும் ஓர் அறிக்கையில் பின்னரே தெரியவரும். இந்தியாவில் இப்பொறுப்பு புது தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்தது. இந்திய சீர்தர நேரத்தைப் பேணுவதும் அதுவே.

இரவல் நேரத்தின் இடர்கள்

தரையை அடையும் ஜிபிஎஸ் குறிப்பின் வலிமை சுமார் 10⁻¹⁶ வாட். சிறிய தடுப்புக் கருவி கூட அதை மூழ்கடித்துவிடும். குறிப்பு நின்றுபோனால், நெறிப்படுத்திய அலையியற்றி தான் கடைசியாகக் கற்ற மின்னழுத்தத்தையும் மூப்பு வேகத்தையும் வைத்துக்கொண்டு தனியே ஓடும். இதைத் தாக்குப்பிடிப்பு நிலை எனலாம். நாளுக்கு ஆயிரம் கோடியில் ஒரு பங்கு மூப்படையும் படிகம், திருத்தம் எதுவும் இல்லாமல் ஒரு நாளில் சுமார் 4 மைக்ரோ நொடி விலகும்.

குறிப்பு நின்றுபோவது தெரிந்துவிடும். தவறான குறிப்பு வருவதுதான் ஆபத்து. 2016 ஜனவரி 26 அன்று, பழைய ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒன்றைப் பணியிலிருந்து நீக்கியபோது, தரைக்கட்டுப்பாட்டு மென்பொருள் பல செயற்கைக்கோள்களுக்குப் பிழையான ஓர் எண்ணை ஏற்றிவிட்டது. ஜிபிஎஸ் நேரத்துக்கும் பன்னாட்டு நேரத்துக்கும் உள்ள நுண்ணிய வேறுபாட்டைச் சொல்லும் எண் அது. அதை நம்பிய ரிசீவர்களின் நேரம் சுமார் 13 மைக்ரோ நொடி தவறியது. இடம் காட்டுவதில் எந்தக் கோளாறும் இல்லை என்பதால் வாகன ஓட்டிகள் எதையும் உணரவில்லை. ஆனால் பிரிட்டனில் டிஜிட்டல் வானொலி ஒலிபரப்பு தடைபட்டது. பன்னாட்டு நேரத்துக்கு மாற்றாமல் ஜிபிஎஸ் நேரத்தையே பின்பற்றிய கருவிகள் தப்பின. அதிர்வெண் மட்டும் தேவைப்படும் ஆய்வகம் தன் கருவியை ஜிபிஎஸ் நேரத்தில் வைப்பதே நல்லது.

இவ்விரண்டு நேரங்களுக்கும் இடையே முழு நொடிகளிலும் வேறுபாடு உண்டு. 1980 ஜனவரி 6 அன்று தொடங்கிய ஜிபிஎஸ் நேரத்தில் லீப் நொடிகள் சேர்க்கப்படுவதில்லை. 2017 முதல் அது பன்னாட்டு நேரத்தைவிட 18 நொடி முந்தியிருக்கிறது. பழைய குறிப்பில் வார எண் 1,024 வாரங்களுக்கு ஒருமுறை பூச்சியத்துக்குத் திரும்பும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அது நிகழ்ந்தபோது, பழைய ரிசீவர்கள் சில ஏறத்தாழ இருபது ஆண்டு முந்தைய தேதியைக் காட்டின. அவற்றிலும் 10 மெகாஹெர்ட்ஸ் அலை பெரும்பாலும் பழுதின்றியே வந்தது. கைபேசிக் கோபுரங்களிலிருந்து கழற்றி விற்கப்பட்ட ஹியூலெட் பேக்கார்டு, டிரிம்பிள் கருவிகளை வாங்கி வைத்திருக்கும் பொழுதுபோக்கு வானொலியாளர்களுக்கு இது ஆறுதலான செய்தி.

நேரம் இன்னொரு நாட்டின் இராணுவத்தின் கையில் இருப்பது அரசுகளுக்கு உறுத்தலாகவே இருந்தது. 2000 மே மாதம் வரை அமெரிக்கா பொதுப் பயனர்களுக்கான குறிப்பில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பியது. ரஷ்யா, ஐரோப்பா, சீனா ஆகியவை தத்தம் தொகுதிகளை அமைத்துக்கொண்டன. இந்தியாவின் நாவிக் தொகுதியில், முதல் செயற்கைக்கோளான ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ-வின் இறக்குமதி செய்யப்பட்ட மூன்று ருபீடியம் கடிகாரங்களும் பழுதடைந்தன. கடிகாரம் நின்றதால் அச்செயற்கைக்கோள் இடங்காட்டும் பணிக்கு உதவாமல் போயிற்று. அதற்கு மாற்றாக 2017 ஆகஸ்டில் ஏவப்பட்டது வெப்பக் கவசம் பிரியாமல் தோல்வியடைந்தது. 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்விஎஸ்-01 செயற்கைக்கோள்தான் இந்தியாவில் உருவாக்கப்பட்ட ருபீடியம் அணுக்கடிகாரத்தை முதன்முதலாகச் சுமந்து சென்றது. இன்று விற்பனைக்கு வரும் புதிய ரிசீவர்கள் பலவும் இரண்டு அல்லது மூன்று தொகுதிகளைச் சேர்த்துக் கேட்பதால், ஒன்று பிழை சொன்னால் மற்றவற்றோடு ஒப்பிட்டுக் கண்டுகொள்ள வாய்ப்பு உண்டு.